பெயர்ச்சீட்டு இல்லாத காய்கள்

அபஹா
9 மார்ச் 2025

மரியே வாழ்க.

மகள் சுகிர்தராணிக்கு உன் அப்பா பத்திநாதன் எழுதுவது. நான் சுகம். குவைத்தில் நீயும் மாப்பிள்ளை ஜெயசீலனும் பேத்தி அக்ஸாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

மக்களே, உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். ஆமாம், நானேதான். யாரும் எழுதித் தரவில்லை. அறுபத்தேழு வயதில் உன் அப்பா எழுதுகிறான். மேலே உள்ள வரிகளுக்கே ஒரு மாலை முழுவதும் போய்விட்டது. பேனாவை அழுத்தியதில் அடியில் வைத்த அட்டையிலும் அதே கடிதம் இருக்கிறது.

சொல்லித் தந்தது கௌஸ் முகம்மது. எங்கள் முதலாளி அர்பாபுக்கு டிரைவர். தொண்டிக்காரன், என் ரூமில்தான் இருக்கிறான். அவனுக்கு நோன்பு, எனக்குத் தவக்காலம். ஆறு மாதமாகப் பாடம், இப்போது நோன்பு திறந்த பிறகு. "என்னா பெரியவரே, எழுத்து எழுதுறியளா, வலை பின்னுறியளா?" என்று சிரிப்பான். என் 'ஐ'யைப் பார்த்தால் முடிச்சு விழுந்த வலைதான்.

ஜிஸானில் அர்பாப் படகுகளை விற்றுவிட்டு என்னை இந்த மலைக்குக் கொண்டுவந்தபோது, கடல்காரனுக்குச் செடியோடு என்ன வேலை என்று அழுதேனே. இப்போது வந்து பார். ஐரிஸ் என்று ஒரு பூ. இஞ்சி போலக் கிழங்கு, கத்தி போல இலை. மூன்று இதழ் மேலே நிற்கும், மூன்று கீழே நாக்கைத் தொங்கப்போட்டிருக்கும். நாக்கின் மேல் தாடி! ஒரு செடியின் தூளை இன்னொன்றின் பூவில் தடவி அர்பாப் புதுப் புதுச் சாதி உண்டாக்குகிறார். ஜிஸான் வெயிலிலும் பூக்கிற ஒன்று வேண்டுமாம் அவருக்கு.

போனில் இனி "சாப்பிட்டாயா" மட்டும் போதும். மற்றதெல்லாம் எழுத்தில் சொல்வேன். நீயும் எழுத்திலேயே பதில் போடு.

அன்பு முத்தங்களுடன்
பத்திநாதன்

ஃபர்வானியா
24 மார்ச் 2025

அன்புள்ள அப்பா,

தோத்திரம். நாங்கள் மூவரும் நலம். உங்கள் முட்டுவலி எப்படி? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறீர்களா?

கடிதம் வந்த அன்று எனக்கு ஆஸ்பத்திரியில் மார்னிங் டூட்டி. பிரேக்கில் பிரித்துப் படித்துவிட்டு லிஃப்டுக்குள் நின்று அழுதேன். கூட நின்ற மலையாளி சிஸ்டர் வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல சேச்சி, எங்கப்பா எழுதிட்டாரு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அம்மா போன பிறகு நீங்கள் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கௌஸ் முகம்மது அண்ணனுக்கு என் சலாமைச் சொல்லுங்கள். அவருக்கு வீட்டில் யார் யார்?

தாடி வைத்த பூவை அக்ஸா வரைந்திருக்கிறாள். உள்ளே வைத்திருக்கிறேன். அது ஆட்டுக்கிடா அல்ல, பூதான்.

உங்கள் மகள்
சுகிர்தராணி

அபஹா
12 ஏப்ரல் 2025

மரியே வாழ்க.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. முட்டு பரவாயில்லை. மாத்திரை போடுகிறேன். ஆட்டுக்கிடாவைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

கௌஸுக்குத் தொண்டியில் மனைவி இருக்கிறாள், ருக்கையா. பிள்ளைகள் இல்லை.

தோட்டம் முழுவதும் பூத்துவிட்டது மக்களே. ஊதா, மஞ்சள், காய்ந்த ரத்தம் போல ஒன்று. கடவுள் இத்தனை நிறத்தை மீனுக்குக் கொடுத்தபோது கொஞ்சம் மிச்சம் வைத்திருந்திருக்கிறார்.

அர்பாப் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தாய்ப்பூ விரிவதற்கு முன்பே அதன் தொங்கும் இதழ்களைப் பிய்த்துவிடுகிறார். தேனீ வந்து உட்காரத் திண்டு இருக்கக்கூடாதாம். பிறகு வேறொரு பூவின் தூளை இடுக்கியால் எடுத்து, உள்ளே சின்ன உதடு போல இருக்கும் இடத்தில் தடவுகிறார். தடவியதும் ஒரு பெயர்ச்சீட்டு. தாய் பெயர் முதலில், தகப்பன் பெயர் பிறகு. ஞானஸ்நானம் கொடுத்த மாதிரிதான்.

போன வாரம் மண்காற்று அடித்தது. பூக்கள் எல்லாம் செம்மண்ணாகி, தாடியெல்லாம் புழுதி. எனக்குப் பொறுக்கவில்லை. கௌஸிடம் சொல்லிப் பிள்ளைகள் படம் வரையும் பிரஷ் ஒன்று வாங்கிவரச் செய்தேன். இப்போது தினமும் காலையில் அர்பாப் வருமுன் ஒவ்வொரு பூவாகத் துடைக்கிறேன். தாடி, நாக்கு, உள்ளே உதடு வரை. உனக்கு முகம் கழுவிவிட்ட ஞாபகம் வருகிறது. அர்பாப் வந்து "குவைஸ், குவைஸ்" என்கிறார், நன்றாயிருக்கிறதாம். யார் துடைத்தது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தானாகவே சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

அப்பா
பத்திநாதன்

அபஹா
4 மே 2025

மரியே வாழ்க.

மகளே, எல்லோரும் சுகந்தானே? நான் சுகம். மனம்தான் சுகமில்லை.

பூக்காலம் முடிந்துவிட்டது. அர்பாப் சீட்டுக் கட்டிய செடிகளில் காய் பிடித்திருக்கிறது. ஆனால் சீட்டு இல்லாத செடிகளிலும் காய்! ஒன்றிரண்டு என்றால் தேனீ என்று விட்டுவிடலாம் என்கிறார். வரிசை வரிசையாக வீங்கி நிற்கிறது. இந்தப் பூ தானாகக் காய்ப்பது அபூர்வம். யாரோ ஆள் கை பட்டிருக்கிறது.

அர்பாப் என்னைக் கூப்பிட்டு, "மீன்?" என்றார். அரபியில் 'யார்' என்பதற்கு அப்படித்தான். நமக்குத்தான் கேட்டதும் வேறு நினைப்பு வரும். தாயிஃபில் இதே பூ வளர்க்கும் ஒருவர் போன வருஷம் இங்கே வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாராம். அவருக்காக யாரோ திருட்டுத்தனமாக விதை உண்டாக்குகிறார்கள் என்று அர்பாப் நினைக்கிறார்.

இங்கே இருப்பது நான், கௌஸ், தண்ணீர் பாய்ச்சும் வயதான ஏமன்காரர். அவருக்குக் கண் சரியில்லை. மிச்சம் யார் என்று நீயே பார்த்துக்கொள்.

இதைப் போனில் பேச முடியாது, அவன் அடுத்த கட்டிலில் இருக்கிறான். கடிதத்தையும் அவன் கையில் கொடுத்துத்தான் தபாலில் சேர்க்க வேண்டும். சோற்றுப்பருக்கை வைத்து இரண்டு தரம் ஒட்டியிருக்கிறேன். பிரித்த அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து எழுது.

அப்பா

ஃபர்வானியா
17 மே 2025

அன்புள்ள அப்பா,

தோத்திரம். நாங்கள் நலம். அக்ஸாவுக்குச் சளி, இப்போது பரவாயில்லை.

உறை பிரிக்கப்படவில்லை. பருக்கை இரண்டும் அப்படியே காய்ந்து கல்லாக இருந்தன. கத்தரிக்கோல் கொண்டு வெட்டினேன்.

கௌஸ் அண்ணனைச் சந்தேகப்படாதீர்கள் அப்பா. எழுத்துச் சொல்லித் தந்தவர்.

ஒன்று கேட்கிறேன். பூ துடைத்தீர்களே, அந்தப் பிரஷ்ஷை ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவில் கழுவுவீர்களா? சும்மாதான் கேட்டேன்.

டூட்டிக்கு நேரமாகிறது. மாத்திரையை மறக்காதீர்கள்.

சுகிர்தராணி

அபஹா
28 மே 2025

மரியே வாழ்க.

மகளே, பேத்திக்குச் சளி விட்டதா? கற்பூரவள்ளி இங்கே மலையில் கிடைக்கிறது. குவைத்துக்கு எப்படி அனுப்புவது?

என்னடி கேள்வி இது? பிரஷ்ஷை எதற்குக் கழுவ வேண்டும்? மீன் வெட்டிய கத்தியா அது? பூவைத் தவிர எதையும் தொட்டதில்லை. நான் பெரிய விஷயம் எழுதுகிறேன், நீ பிரஷ்ஷைக் கேட்கிறாய்.

சந்தேகப்படாதே என்கிறாய். கேள். பூக்காலத்தில் மதியம் எல்லோரும் படுத்த பிறகு அவன் மட்டும் பாத்திக்குப் போவான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று நானே பார்த்திருக்கிறேன். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குனிந்து பூவைக் கையில் பிடிப்பான், மற்றக் கையில் போன். "இன்னும் கிட்டவா? இப்பத் தெரியுதா?" என்று மெதுவாகப் பேசுவான். யாரிடம்? தாயிஃப்காரரிடம் அரபியில் அல்லவா பேச வேண்டும் என்பாய். நடுவில் தமிழ் ஆள் ஒருவன் இருக்கக்கூடாதா? திரும்பி வரும்போது சட்டைப்பையில் மாவு மாதிரி வெள்ளைத் தூள். அது அந்தப் பூவின் தூள்தான். எனக்குத் தெரியாதா?

நேற்று நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து, "என்னா பெரியவரே, வாயில வலை போட்டுக்கிட்டியளா?" என்று கேட்டான். குற்றமுள்ளவன்தான் வலியப் பேச்சுக் கொடுப்பான்.

இதையும் இரண்டு பருக்கை வைத்து ஒட்டுகிறேன்.

அப்பா

அபஹா
22 ஜூன் 2025

மரியே வாழ்க.

மகளே, உன்னிடமிருந்து பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? போனில் கேட்டால் "டூட்டி அதிகம்பா" என்கிறாய்.

கௌஸ் இங்கே இல்லை. பெருநாள் கழிந்து யான்புவுக்குப் போய்விட்டான். அர்பாபின் தம்பிக்கு அங்கே லாரி நிறுத்தும் யார்டு ஒன்று இருக்கிறது. அங்கிருந்தபடியே விசாவை முடித்து எக்ஸிட்டில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று புது டிரைவர் சொன்னான். பாகிஸ்தான் பையன், நல்லவன். தபாலை அவன்தான் போடுகிறான்.

ரூம் விசாலமாக இருக்கிறது. கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். குப்பூஸ் ரொட்டி இரண்டு வாங்கினால் ஒன்று காய்ந்துபோகிறது.

காய்கள் முற்றிக்கொண்டிருக்கின்றன.

அப்பா

ஃபர்வானியா
3 ஜூலை 2025

அன்புள்ள அப்பா,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

கௌஸ் அண்ணன் ஏன் போனார்? அதை நீங்கள் எழுதவில்லை. குப்பூஸ் காய்வதை எழுதியிருக்கிறீர்கள், கட்டில் எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் எழுதவில்லை.

நீங்கள் அர்பாபிடம் ஏதாவது சொன்னீர்களா?

சுகிர்தராணி

அபஹா
13 ஜூலை 2025

மரியே வாழ்க.

மகளே, சுகம்.

சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தேன்.

வாயால் சொல்ல என் அரபி போதாது. அது படகு அரபி. வலையை இழு, ஐஸ் போடு, காற்று மாறுகிறது, அவ்வளவுதான் வரும். இது பெரிய விஷயம். எழுதப் படிக்கத் தெரிந்த மனுஷன் எழுதித்தானே கொடுக்க வேண்டும்? நல்ல தாள் ஒன்றில், அடித்து அடித்துத் திருத்தி எழுதினேன். மதியம் பாத்திக்குப் போனது, பூவைப் பிடித்தது, போனில் பேசியது, சட்டையில் தூள் இருந்தது. பார்த்ததைத் தவிர ஒன்றும் எழுதவில்லை. கடைசியில் 'இது கௌஸ் முகம்மது செய்தது' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். உனக்கு எழுதும் கடிதத்தைத் தவிர என் ஆயுளில் நான் போட்ட முதல் கையெழுத்து. அதுவரைக்கும் பெருவிரல்தான்.

அர்பாப் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காரில் ஜித்தா போனார். திரும்பி வந்த அன்று கௌஸ் பெட்டி கட்டினான். என்னிடம் ஒரு வார்த்தை சண்டை இல்லை. "வாரேன் பெரியவரே. எழுத்த விட்டுறாதிய" என்று மட்டும் சொன்னான்.

நீயே சொல், செய்யாதவன் சத்தம் போட்டிருக்க மாட்டானா?

அப்பா

ஃபர்வானியா
25 ஜூலை 2025

அன்புள்ள அப்பா,

தோத்திரம். இதை உட்கார்ந்து வாசியுங்கள்.

அர்பாபுக்குத் தமிழ் தெரியாது. ஏமன்காரருக்கும் தெரியாது. நீங்கள் தமிழில் எழுதிய தாளை ஜித்தா போகிற வழியில் அர்பாபுக்கு யார் படித்துச் சொன்னார்கள்? காரை ஓட்டியது யார்?

இன்னொன்று. எங்கள் வார்டில் ஒரு நோயாளியைத் தொட்ட கையுறையோடு அடுத்த கட்டிலைத் தொட்டால் அன்றைக்கே மெமோ கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாதது கையோடு போகும். நீங்கள் ஒரே பிரஷ்ஷோடு தினமும் காலையில் தோட்டம் முழுவதும் போயிருக்கிறீர்கள். தாடி, நாக்கு, உதடு வரை. அர்பாப் இடுக்கியால் செய்வதைத்தான் நீங்கள் பிரஷ்ஷால் செய்திருக்கிறீர்கள் அப்பா. அந்தக் காய்கள் உங்களுடையவை.

இது எனக்கு மே மாதமே தெரியும். அதனால்தான் பிரஷ்ஷைக் கழுவினீர்களா என்று கேட்டேன். உங்கள் பதில் வந்த பிறகு நான் எழுதவில்லை. டூட்டி எல்லாம் இல்லை. உண்மையைச் சொன்னால் அர்பாப் உங்களை அனுப்பிவிடுவார், ஊரில் பூட்டிய வீட்டில் தனியாகக் கிடப்பீர்கள், இந்தச் சிரிப்பு போய்விடும் என்று பயந்தேன். கௌஸ் அண்ணனுக்குத் திட்டு விழும், அதோடு போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்திராத ஒரு ஆளை உங்களுக்குப் பதிலாக நிறுத்திவிட்டேன்.

அவர் இன்னும் யான்புவில்தான் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

சுகிர்தராணி

அபஹா
8 ஆகஸ்ட் 2025

தம்பி கௌஸ் முகம்மதுக்கு பத்திநாதன் எழுதுவது. நீ சுகமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். ருக்கையா சுகமா?

காய் உண்டாக்கியது நான். நீ வாங்கித் தந்த பிரஷ்ஷால். என் மகள் எழுதித்தான் எனக்குத் தெரிந்தது. கடிதத்தை வாசித்து முடித்ததும் அர்பாபிடம் போனேன். இந்த முறை எழுதவில்லை. கோதுமை மாவு டின்னையும் பிரஷ்ஷையும் கொண்டுபோனேன். அவர் பெருவிரலை மாவில் தோய்த்தேன். பிரஷ்ஷால் அதைத் துடைத்தேன். அதே பிரஷ்ஷால் அடுத்த விரலைத் துடைத்தேன், அதற்கடுத்ததை. ஐந்து விரலும் வெள்ளை. "அன பஹ்ரி, மாஃபி மாலூம்" என்றேன். நான் கடல்காரன், எனக்குத் தெரியாது என்று. அவர் விரல்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார். சீட்டுக் கட்டிய காய்களிலும் என் பிரஷ் முந்திக்கொண்டது எது, அவர் இடுக்கி முந்திக்கொண்டது எது என்று இனி யாருக்கும் தெரியாதாம். "கலாஸ்" என்றார், எல்லாம் முடிந்தது என்று.

என்னை அனுப்பவில்லை. ஏன் என்று தெரியவில்லை. எந்த நாளும் அனுப்பலாம் என்று பெட்டியைக் கட்டியே வைத்திருக்கிறேன்.

பிறகு அவர்தான் சொன்னார். காரை ஓரத்தில் நிறுத்தச் சொல்லித் தாளை உன்னிடம் நீட்டியதை. நீ அதை அரபியில் படித்துச் சொன்னதை. நடுவில் ஒரு இடத்திலும் நீ நிற்கவில்லையாம்.

தம்பி, நான் முட்டாள். எழுதியதை யார் வாசிப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. எழுத்து என்றால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். ஆனால் நீ மாற்றிப் படித்திருக்கலாமே? நான் லீவு கேட்கிறேன் என்று சொல்லியிருந்தால் அவருக்குத் தெரியவா போகிறது? ஏன் மாற்றவில்லை?

உன் எக்ஸிட்டை நிறுத்தச் சொல்லி அர்பாப் தம்பிக்குப் போன் செய்துவிட்டார். நீ திரும்பி வரலாம் என்கிறார். வா. நான் கட்டிலைப் பழைய இடத்துக்கு நகர்த்திவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கும்
பத்திநாதன்

யான்பு
30 ஆகஸ்ட் 2025

பெரியவருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் சுகம். ருக்கையா சுகம். உங்கள் முட்டு எப்படி?

உங்கள் கடிதத்தை யார்டில் மதியச் சாப்பாட்டின்போது வாசித்தேன். எழுத்து நன்றாகத் திருந்தியிருக்கிறது.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். போனில் நான் பேசியது ருக்கையாவிடம். வீடியோ கால். தாடிப் பூவைக் கிட்டக் காட்டச் சொல்வாள். குனிந்து காட்டினால் சட்டையில் தூள் ஒட்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளிடமே உங்களைப் பேச வைத்திருப்பேன். நாமிருவரும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்தோம். நீங்கள் கேட்கவில்லை.

ஏன் மாற்றிப் படிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். முதல் வரியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. மாற்றத்தான் வாயைத் திறந்தேன். தாளில் நீங்கள் அடித்து அடித்து எழுதியிருந்தது தெரிந்தது. என் பெயரை மூன்று தரம் அடித்துவிட்டு நாலாவது தரம் சரியாக எழுதியிருந்தீர்கள். அவ்வளவு பாடுபட்டு எழுதியதைப் பொய்யாகப் படிக்க எனக்கு வரவில்லை. முழுதும் படித்தேன்.

அர்பாப் கேட்டார், "நீ செய்தாயா?" "இல்லை" என்றேன். "அப்படியானால் கிழவர் பொய் சொல்கிறாரா?" என்றார். ஆமாம் என்றால் நீங்கள் ஊருக்கு. எனக்கு ஊரில் ஆள் இருக்கிறது, உங்களுக்கு அங்கே யாரும் இல்லை என்பது தெரியும். பேசாமல் இருந்தேன். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

நான் அபஹாவுக்கு வரவில்லை. இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று அர்பாபிடம் சொல்லிவிட்டேன். வந்தால், நான் எதற்குச் சிரித்தாலும் உள்ளே என்ன நினைக்கிறேனோ என்று நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். நீங்கள் பேசாமல் இருந்தால் இப்போது என்ன சந்தேகமோ என்று நானும் உங்களைப் பார்ப்பேன். ஒரே ரூமில் அது முடியாது. பெட்டியை அவிழ்த்து வையுங்கள், அர்பாபிடம் கேட்டுவிட்டேன், உங்களை அனுப்பமாட்டார். உங்கள் மகளுக்கு என் சலாம்.

கடிதம் போடுங்கள், நான் பதில் போடுவேன். இனி என் மேல் ஏதாவது புகார் தோன்றினால் அர்பாபுக்கு எழுத வேண்டாம், நேரே எனக்கே எழுதுங்கள். எப்படியும் படிக்கப்போவது நான்தானே.

இப்படிக்கு
கௌஸ் முகம்மது